குக்கருக்கு முன்னால் குழவி

ஆலங்கிணற்றில் ஆலமரமும் கிடையாது, கிணறும் கிடையாது. ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் இரண்டையும் ஒரு தடவையாவது கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். அதே நியாயப்படி பம்படித் தெருவில் பம்பும் கிடையாது. பம்பு இருந்த இடத்தில் ஒரு சிமெண்ட் மேடை இருந்தது, மேடையிலிருந்து தெருமுனை வரைக்கும் ஒரு வரிசை இருந்தது, அந்த வரிசையில் ஆட்கள் யாரும் இல்லை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்பது லாரிக்கே தெரியாத ஊரில் நாளெல்லாம் ஒருவர் நிற்க முடியாது என்பதால், வீட்டுக்கு ஒரு பொருளை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவது அங்கே வழக்கம். குடத்தை வைத்தால் குடம் காணாமல் போகும். ஆகவே எவரும் திருட நினைக்காத பொருளாகத் தேடி வைத்தார்கள்: ஆட்டுக்கல் உடைந்து அனாதையான குழவி, மூடியும் ரப்பரும் கைப்பிடியும் போன குக்கர், ஒற்றைச் செருப்பு, பச்சைப் பெயிண்ட் காய்ந்து ஒட்டிய டப்பா, இறக்கை இல்லாத டேபிள் ஃபேன், பாதி ஹெல்மெட், அப்புறம் கற்பனை வறண்ட வீடுகளின் சார்பில் நிறையச் செங்கற்கள்.

குழவி சொர்ணத்தாயுடையது, குக்கர் செண்பகவடிவுடையது. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு சித்திரை மாதத்தில் செண்பகவடிவு வைத்திருந்த செங்கலைச் சொர்ணத்தாய் காலால் ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் குழவியை வைத்தாள் என்பது செண்பகவடிவின் கட்சி. அங்கே செங்கலே இல்லை, இருந்திருந்தாலும் அது வரிசையில் வைத்த செங்கல் மாதிரித் தெரியவில்லை என்பது சொர்ணத்தாயின் கட்சி. அன்றைக்கு வீட்டுக்குள் போய், இருப்பதிலேயே அசிங்கமான பொருளாகத் தேடி எடுத்துவந்து, குழவியின் முதுகில் இடிக்கிற மாதிரி வைத்தாள் செண்பகவடிவு. தண்ணீர் பிடித்தவர்கள் தங்கள் பொருளை எடுத்து வால்பக்கம் வைக்க, வரிசை வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்தது. குழவிக்குப் பின்னால் குக்கர் என்பது மட்டும் மாறவில்லை. அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேசாமலும் இருப்பதில்லை. ஒருத்தி வேலிக் காக்கையிடம் சொல்லுவாள், மற்றவள் வாசலில் கட்டிய ஆட்டிடம் பதில் சொல்லுவாள்; தெருவில் அதிகம் விஷயம் தெரிந்த உயிர்கள் அந்தக் காக்கையும் ஆடும்தான்.

இப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லாரி வந்து நின்றது, வரிசையின் தலையில் இருந்த பாதி ஹெல்மெட்டை அதன் சொந்தக்காரர் எடுத்துக்கொண்டு குடங்களோடு குழாயடிக்குப் போனார், மிச்சமிருந்த பொருள்கள் எல்லாம் தாமாகவே ஓர் அடி முன்னால் நகர்ந்து நின்றன. செங்கற்கள் மெல்ல உரசிக்கொண்டு நகர்ந்தன, செருப்பு ஒரு தடவை மடங்கி நிமிர்ந்தது, டேபிள் ஃபேன் தன் வயரை வாலைப்போல இழுத்துக்கொண்டு போனது. லாரி டிரைவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்.

"நகருங்க நகருங்கன்னு தொண்டை கிழியக் கத்துறது மிச்சம்," என்றார்.

தெருவுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. இத்தனை வருஷம் நின்ற பொருளுக்கு நகரத் தெரியாதா என்றார்கள். அடுத்த லாரி வருவதற்குள் இதற்கான விதிகளையும் கண்டுபிடித்துவிட்டார்கள். மனிதர்களுக்கு அதிசயத்தைவிட அதன் விதிகள்தான் முக்கியம். வைத்தவர் கையால் எடுத்தால் பொருள் வரும். பிறத்தியார் எடுத்து எங்கே வைத்தாலும், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீசினாலும்கூட, பொழுது சாய்வதற்குள் புழுதியோடு திரும்பி வந்து தன் இடத்தில் நிற்கும். முன்னால் இருப்பது போகிற இடத்துக்குப் பின்னால் இருப்பது போகும். இந்த மூன்று விதிகளால் தெருவில் சண்டை ஒழிந்தது. சண்டை ஒழிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் தவித்துப்போனார்கள்.

உண்மையில் அதுதான் பெரிய தொந்தரவு. நிற்பதற்கென்றே ஒதுக்கிய காலைப்பொழுதுகள் சும்மா கிடந்தன. பெண்கள் உட்காருவார்கள், உட்கார்ந்தால் கால் குறுகுறுக்கும், எழுந்துபோய் வரிசையை எட்டிப் பார்ப்பார்கள், அது அவர்கள் இல்லாமலே ஒழுங்காக நிற்கும், அதைக் கண்டு ஒரு மாதிரி ஆகிவிடும், மறுபடி உள்ளே வந்து துவைத்த துணியையே துவைப்பார்கள். ஒருத்தி தையல் மிஷினைப் பிரித்துப்போட்டு மாட்டத் தெரியாமல் விட்டாள். ஒருத்தி காரணம் எதுவும் இல்லாமல் ரயில் நிலையத்துக்குப் போய் எல்லா ரயிலையும் பார்த்துவிட்டு வந்தாள். செண்பகவடிவு ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாக, எங்கே போகிறது என்றுகூடக் கேட்காமல் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். அது ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டது. படித்துறையில் இறங்கித் தண்ணீருக்குச் சற்று மேலிருந்த படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டாள். இத்தனை தண்ணீர் யாரையும் வரிசையில் நிற்கச் சொல்லாமல், யார் குடத்தையும் கேட்காமல், அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் வந்தது, கோபம் தீர்ந்தபின் தூக்கம் வந்தது, தூங்கி எழுந்தபோது இத்தனை நாளாகக் காலில் இருந்த குறுகுறுப்பு போயிருந்தது. அன்றிலிருந்து லாரிமுறை தனக்கு வராத நாளெல்லாம் அதே பஸ், அதே படி. வீட்டில் அவள் கணவன் வேல்மயிலிடம் கோயிலுக்கு என்று சொல்லிவைத்தாள். எந்தக் கோயில் என்று கேட்கிற மனிதர் அல்ல அவர்.

இப்படியே போயிருக்கும், சென்னையிலிருந்து நிரஞ்சன் தாமோதரன் வராமல் இருந்திருந்தால். ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர், காரை வரிசை மறித்ததால் இறங்கினார், இறங்கியவர் அப்படியே குந்திவிட்டார். வெள்ளைத் தாடியும் வட்டக் கண்ணாடியும், சலவைக்காரர் கையில் படாத கதர்ச்சட்டையும். குழவியைப் பார்த்தார், குக்கரைப் பார்த்தார், செங்கல் செங்கலாகப் பார்த்துக்கொண்டே போனார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"இதுக்கு என்ன பேரும்மா?" என்று குக்கரைக் காட்டி, பக்கத்தில் நின்ற செண்பகவடிவைக் கேட்டார்.

"குக்கரு," என்றாள் அவள்.

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு தெருவைக் கூட்டிவைத்து விளக்கினார்: ஒரு பொருளை அது செய்கிற வேலையிலிருந்து பிரித்து, வெறுமனே இருக்கவிட்டு, மனிதர்கள் நின்று பார்க்கிற மாதிரி வைத்தால் அது கலையாகிவிடுகிறது, செய்வது கலை இல்லை, நினைப்பதே கலை, இது உலகத்துக்கே தெரிய வேண்டிய விஷயம்.

"வேலை இல்லாமச் சும்மா இருந்தா கலையா?" என்றாள் சொர்ணத்தாய். "அப்ப எங்க வீட்டுக்காரரையும் வண்டியில ஏத்திக்கிடுங்க."

நிரஞ்சன் சிரிக்கவில்லை, யோசித்தார். யோசித்துவிட்டு, சென்னையில் பெரிய இடத்தில் வைப்போம், பெரிய பெரிய ஆட்கள் வந்து பார்ப்பார்கள் என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் தெரு விழுந்தது. தண்ணீருக்காகக் காலிக்குடங்களோடு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து பஸ்ஸை மறித்த தெரு அது. போலீஸ் வேனில் ஏறி, கல்யாண மண்டபத்தில் அடைக்கப்பட்டு, சாயங்காலம் தக்காளிச் சாதம் தின்றுவிட்டு வீடு திரும்பிய அனுபவம் எல்லோருக்கும் உண்டு. போராட்டம் என்றால் வெறும் பாத்திரத்தைப் பெரிய ஆட்கள் கண்ணில் படுகிற மாதிரி வைப்பது என்பதுதான் அவர்கள் அறிந்த இலக்கணம். தாங்கள் போகாமலே பொருள்கள் போய் நிற்கும் என்றால் அதைவிட என்ன வேண்டும்?

வரிசையின் தலையில் அன்று இருந்தது குழவி. வேன் வந்தது, பலகை சாய்த்தார்கள், சொர்ணத்தாய் குழவியைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்தாள். பின்னாலேயே குக்கரும் செருப்பும் டப்பாவும் ஃபேனும் செங்கற்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பலகையில் ஏறிப் போயின. குழவியை இறக்கிவைக்க அவளேதான் வேண்டும் என்பதால் தெருவின் பிரதிநிதியாக அவளும் கூடவே போனாள். மறுநாள் திரும்பி வந்து, யாரும் கேட்காமலே சொன்னாள்: "வெள்ளை வெளேர்னு கட்டடம். வாசல்ல காவல். உள்ள ஏசி. ஒரு சத்தம் கிடையாது, எல்லாரும் ரகசியமாத்தான் பேசுதாங்க. ஒரு சுவரு இருக்கு பாருங்க, அந்தச் சுவருக்கு நேரா வச்சுட்டு வந்திருக்கேன். அதுக்குப் பின்னாலதான் அதிகாரி உக்காந்திருப்பாரு."

"பாத்தாளாமா?" என்று செண்பகவடிவு காக்கையிடம் கேட்டாள்.

"அதிகாரின்னா பார்க்கக் கூடியவரா?" என்றாள் சொர்ணத்தாய் ஆட்டிடம்.

அதிகாரி வரவில்லை. தெருவுக்குக் குழாயும் வரவில்லை. லாரி வந்தது, வந்தபோது மேடையில் வரிசை இல்லை. புதிதாகச் செங்கல் வைத்தார்கள், விளக்குமாறு வைத்தார்கள், ஒருவர் பிடிவாதமாகப் புதுக் குக்கரையே வைத்தார். அவை வெறும் செங்கலும் விளக்குமாறுமாக, வைத்தவை வைத்தபடி கிடந்தன. புதுக் குக்கர் முதல் நாளே திருடுபோனது. ஒரு வீட்டுக்கு ஒரு நிற்பு, அது சென்னையில் நின்றுகொண்டிருக்கும்போது இங்கே எப்படி நிற்கும் என்று தெரு விதியைத் திருத்திக்கொண்டது. ஆட்கள் மறுபடியும் வந்து நின்றார்கள், நின்றவர்கள் தள்ளிக்கொண்டார்கள், முடியைப் பிடித்துக்கொண்டார்கள். செண்பகவடிவு விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரைக்கும் நின்றாள். ஆற்றுக்குப் போகிற பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அவள் கால் தானாக அந்தப் பக்கம் ஓரடி வைக்கும், உடனே பின்னால் நிற்பவள் அந்த இடத்துக்கு வந்துவிடுவாள்.

அப்போதுதான் யாரோ ஒருவரின் போனில் அந்த வீடியோ வந்தது. வெள்ளைச் சுவர், சுவருக்கு நேராகக் குழவி, குக்கர், மற்றதெல்லாம், சுற்றிலும் கையில் திராட்சைச்சாறு வைத்துக்கொண்டு மெதுவாக நடக்கிற ஆட்கள். ஒரு பெண் குக்கருக்கு முன்னால் தலையைச் சாய்த்துப் பார்த்தாள், பிறகு தலையை மறுபக்கம் சாய்த்துப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் யாரோ ஒரு கறுப்புக் கண்ணாடியை வைத்தார்கள், கை தட்டினார்கள். செண்பகவடிவு வீடியோவை மூன்று நான்கு தடவை பார்த்தாள். தெரு முழுவதும் யோசனையில் ஆழ்ந்திருக்க, நேராகச் சொர்ணத்தாய் வாசலுக்குப் போய் ஆட்டின் முன்னால் நின்றாள்.

"ஏ ஆடே, உங்க வீட்டுக்காரி வச்சுட்டு வந்தது அதிகாரி ஆபீஸ் இல்லியாம். பொம்மைக் கொலு மாதிரி பார்த்துட்டுப் போறாங்களாம். நான் குக்கர மட்டும் எடுத்தா என் இடம் போயிரும், அவ வந்து குழவிய எடுத்தாத்தான் வரிசையே அசையும்னு சொல்லு."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "ஆட்டுக்குட்டி, அது ஆபீஸ்தான்னு சொல்லு. ஆபீஸ்னா நேரம் ஆகும்னு சொல்லு."

"நான் போறேன்னு சொல்லு. ராத்திரி வண்டி. டிக்கெட்டு ரெண்டு எடுப்பேன், ஒண்ணு வீணாப் போனாலும் போகட்டும்."

ஆடு எதையும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி ரயில் வந்து நின்று செண்பகவடிவு பொதுப்பெட்டியில் ஏறியபோது, சொர்ணத்தாய் ஏற்கனவே ஏறி உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் துண்டு போட்டிருந்தாள். அந்தத் துண்டின்மேல் செண்பகவடிவு எதுவும் கேட்காமல் உட்கார்ந்தாள். எதிரில் கடலை உரித்துக்கொண்டிருந்த ஒருவர் தெரியாத்தனமாக இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணாச்சி, பக்கத்துல இருக்கிறவங்க சாப்பிட்டாங்களான்னு கேளுங்க," என்றாள் செண்பகவடிவு.

"சாப்பிட்டாச்சாம்மா?" என்றார் அவர்.

"சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க அண்ணாச்சி. அவங்க செங்கல அன்னைக்கு நான் ஒண்ணும் மிதிக்கலைன்னும் சொல்லுங்க."

"யாரு மிதிச்சான்னு சொன்னது? ஒதுக்கினதுன்னுதான் சொன்னது. கேளுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி மதுரை வரைக்கும் தாக்குப்பிடித்தார். அப்புறம் கடலையைப் பொட்டலத்தோடு இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, சாமான் வைக்கிற பலகைமேல் ஏறிப் படுத்துப் போர்த்திக்கொண்டார். மீதி வழியெல்லாம் இருவரும் அந்தக் கடலையைத் தின்றுகொண்டே போனார்கள்.

கட்டடம் சொர்ணத்தாய் சொன்னபடியேதான் இருந்தது: வெள்ளை, காவல், ஏசி, ரகசியம். பொருள்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். செண்பகவடிவு தன் குக்கரின் சீட்டை எழுத்துக்கூட்டாமல் உரக்கப் படித்தாள்: "இன்மையின் அழுத்தம். அலுமினியம், காலம்." குக்கரில் விசில் இல்லாததைத்தான் சொல்கிறார்களோ என்று அவளுக்குச் சந்தேகம். வரிசை நீண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் ஆர்வத்தில் தாங்களும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள்; செங்கற்களுக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி, தோல் கைப்பை, குதிகால் உயர்ந்த ஒற்றைச் செருப்பு, எல்லாவற்றுக்கும் கடைசியில் நிரஞ்சன் தாமோதரன் தன் கையெழுத்துக்குப் பதிலாக வைத்த கைக்கடிகாரம்.

"தொடக் கூடாதும்மா," என்றார் காவல்காரர்.

"எங்க பொருளுதான்," என்றாள் செண்பகவடிவு.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அப்படி உணர வைக்குதாம்."

சொர்ணத்தாய் இதையெல்லாம் கேட்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரின் ஓரத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் ஆனது. அங்கே ஓர் ஏணியும், துடைப்பம் போட்ட வாளியும், வெள்ளைப் பெயிண்ட் டப்பாக்களும்தான் இருந்தன. திரும்பி வெளியே வந்தபோது அவள் காவல்காரரையும் பார்க்கவில்லை, ஆட்டைத் தேடவும் இல்லை.

"வடிவு," என்றாள். "அங்க யாருமே இல்லடி."

இத்தனை வருஷத்தில் நேராக வந்த முதல் வார்த்தை. செண்பகவடிவின் நாக்கில் அதற்கு நல்ல நல்ல பதில்களாக எத்தனையோ காத்திருந்தன; ஒவ்வொன்றும் இந்த நாளுக்காகவே தீட்டி வைத்தது. அவள் சொர்ணத்தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, குழவியத் தூக்கு மதினி. மத்தியான வண்டியப் பிடிக்கணும்."

சொர்ணத்தாய் குழவியைத் தூக்கி, பிள்ளையை வைப்பதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். பின்னால் குக்கர் கிளம்பியது, குக்கருக்குப் பின்னால் செருப்பு, டப்பா, வயரை இழுத்துக்கொண்டு ஃபேன், செங்கல் செங்கலாகச் செங்கற்கள், கண்ணாடி, கைப்பை, உயர்குதிச் செருப்பு, கடைசியில் மணி தவறாமல் கைக்கடிகாரம். கூட்டம் வழிவிட்டு நின்று கைதட்டியது. இதுவும் கண்காட்சியின் ஒரு பகுதி என்று அது நினைத்தது. வெளியே சிக்னலில் போக்குவரத்துக் காவலர் ஊர்வலத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்கவந்தவர், எந்தக் கட்சி என்று தெரியாததால் எதற்கும் இருக்கட்டும் என்று வாகனங்களை நிறுத்திச் சல்யூட் வைத்தார். எழும்பூரில் பொதுப்பெட்டிக்கு முண்டியடித்த ஜனம், தங்களுக்கு முன்னால் ஒரு வரிசை ஒழுங்காக ஏறுவதைப் பார்த்துத் தன்னையறியாமல் அதன் பின்னால் ஒழுங்காக நின்றது. அந்தப் பிளாட்பாரத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததில்லை.

குழவியைச் சிமெண்ட் மேடைக்கு நேராகச் சொர்ணத்தாய் வைத்தாள். தெரு அவரவர் பொருளைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் போனது. அதிகாரி என்ன சொன்னார் என்று யாரும் சொர்ணத்தாயைக் கேட்கவில்லை, செண்பகவடிவும் சொல்லவில்லை. வால்பக்கத்துப் பொருள்களைத் தேடிச் சென்னை ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நிரஞ்சன் கடைசியாக வந்தார். லாரி அப்போதுதான் வந்து நின்றிருந்தது. கடிகாரத்தை எடுக்கக் குனிந்தார்.

"எடுத்துக்கிடலாம் சார், உங்க பொருளு," என்றாள் சொர்ணத்தாய். "ஆனா எடுத்தா இடம் போயிரும். இவ்வளவு தூரம் நகர்ந்து வந்திருக்கு."

அவர் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். கைக்கடிகாரத்துக்கு முன்னால் உயர்குதிச் செருப்பும் அதன் சொந்தக்காரியும் மட்டும்தான் பாக்கி. அவருக்கு என்ன தோன்றியதோ, கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தின் பின்னால் நின்றுவிட்டார். முறை வந்தபோது யாரோ ஒரு குடத்தைக் கையில் கொடுத்தார்கள். நிறைந்த குடத்தை வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வது என்று முதல் தடவையாக ஒரு பொருளைப் பற்றி நிஜமாகக் கேட்டார்.

"குடிங்க," என்றார் லாரி டிரைவர்.

அடுத்த நாள் விடியற்காலையில் செண்பகவடிவு கதவைச் சாத்திவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது சொர்ணத்தாய் வாசலில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வெள்ளென எங்கடி போற? கோயில்னு மட்டும் சொல்லாத."

"ஆத்துக்கு மதினி."

"குடத்தக் காணோம்?"

"குடம் எதுக்கு. படியில உக்காந்து கால விட்டுக்கிட்டு இருப்பேன். அவ்வளவுதான்."

சொர்ணத்தாய் இன்னொரு கொத்துத் தழையை உருவி ஆட்டுக்குப் போட்டாள்.

"நீயும் வாயேன்," என்றாள் செண்பகவடிவு.

"எனக்கு ஆடு கிடக்கு, முட்டுவலி கிடக்கு. வேலையத்தவ பேச்சு." சொல்லிக்கொண்டே உள்ளே போனவள், பாதிப் பல் போன ஒரு மரச்சீப்போடு வெளியே வந்தாள். "இத அங்கன வை. எனக்கு ஒரு எடம் போட்டு வை."

பிறத்தியார் கையால் வைத்தால் நிற்காது என்பது தெருவறிந்த விதி. செண்பகவடிவு அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். படித்துறையில் வழக்கமான படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் கரடுமுரடாக இருந்ததால் சீப்பை ஒரு படி கீழே, தண்ணீர் வந்து தொடுகிற விளிம்பில் வைத்தாள். பிறகு அதைப் பார்க்காததுபோல ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே அணையில் எங்கேயோ மதகைக் குறைத்திருப்பார்கள். வெயில் ஏற ஏறத் தண்ணீர் வடிந்து, ஒரு படி இறங்கியது.

கொஞ்சம் தயங்கிச் சீப்பும் ஒரு படி இறங்கி, தண்ணீரின் விளிம்பில் போய் நின்றது.

"இங்கயும் முன்னாலதானா மதினி," என்றாள் செண்பகவடிவு. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் ஒரு படி இறங்கி உட்கார்ந்தாள்.